வெடியின் வட்டத்தை யார் வரைகிறார்கள்?

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்த மறுநாள் நாளிதழைப் பிரித்தால் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும். ‘வெடிச்சத்தம் பல கிலோ மீட்டர் தூரம் கேட்டது’ என்றோ, ‘சுற்றுவட்டாரக் கிராமங்களில் நில அதிர்வுபோல் உணரப்பட்டது’ என்றோ எழுதியிருப்பார்கள். அடுத்த வரியில் இறந்தவர் எண்ணிக்கை. அதற்கடுத்த வரியில் நிவாரணத் தொகை. அத்தோடு செய்தி முடிந்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற நாம் இந்த மூன்று வரிகளை எத்தனையோ முறை படித்துவிட்டோம். முதலிப்பட்டி, அச்சங்குளம், ரெங்கபாளையம், செங்கமலப்பட்டி, சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப்பெயர்தான் மாறுகிறது.

ஒரு வெடி உண்மையில் எவ்வளவு தூரம் எட்டியது என்ற கேள்விக்கு இந்த மூன்று வரிகளில் பதில் இல்லை. சத்தம் கேட்ட தூரம் ஒன்று. சுவர் விரிந்த தூரம் வேறு. காது போனவர் இருந்த தூரம் இன்னொன்று. பிழைப்புப் போனவர்களின் தூரத்தை அளக்கக் கோலே கிடையாது. இதில் எந்தத் தூரத்தை அரசு கணக்கில் எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் நம் தெருக்களின் நியாயம் அடங்கியிருக்கிறது.

நம் கரிசல்காட்டில் ‘வெடி’ என்பது பட்டாசு வருவதற்கு முன்பே இருந்த சொல். கோடையில் நிலம் வெடிக்கும். தை, மாசியில் பருத்தி வெடிக்கும். வெறுங்காலோடு நடந்தவர்களின் குதிகாலில் பித்தவெடிப்பு வரும். நிலத்தின் வெடிப்புக்கு எல்லையைக் காட்ட முடியும்; இதோ இங்கே தொடங்கி இதோ இங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். மருந்து வெடிப்பதற்கு அப்படியோர் ஓரம் கிடையாது. நடுவிலிருந்து போகப்போகக் குறைந்துகொண்டே போகும் ஒன்றுக்கு, ‘இதோடு முடிந்தது’ என்று யாரோ ஒருவர்தான் கோடு போட வேண்டியிருக்கிறது.

எட்டு மடங்கு மருந்து, இரண்டு மடங்கு தூரம்

முதலில் அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வெடிப்பின் வீச்சைக் கணிக்க ஒரு விதி இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1915-ஆம் ஆண்டில் சொன்னது. பின்னால் ஜெர்மனியின் கிரான்ஸ் என்பவரும் இதே முடிவுக்கு வந்தார். ஒரே வகை மருந்து திறந்தவெளியில் வெடித்தால், மருந்தின் எடை 8 மடங்கு கூடும்போது ஒரே அளவு சேதம் எட்டும் தூரம் 2 மடங்கு கூடும். 27 மடங்கு கூடினால் தூரம் 3 மடங்கு. ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று உலகமெங்கும் போடப்படும் பாதுகாப்புத் தூர அட்டவணைகள் பலவற்றுக்கு இந்த விதியே அடிப்படை.

கேட்பதற்கு நிம்மதியான விதிபோலத் தெரியும். மருந்து எவ்வளவு கூடினாலும் தூரம் கொஞ்சம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் நம் வீடுகள் ஒரே கோட்டின் மீது இல்லை. ஆலையைச் சுற்றி நாலாபுறமும் இருக்கின்றன. தூரம் 2 மடங்கானால் வட்டத்தின் பரப்பு 4 மடங்காகும். 15 கிலோ மருந்துக்கு உரிமம் பெற்ற ஆலையில் 120 கிலோ இருந்தால், சேதத்துக்குள் வரும் நிலமும் வீடுகளும் ஏறத்தாழ நான்கு மடங்கு. உரிமத்தில் உள்ள எடையை வைத்து வரைந்த வட்டம் அன்றைக்கே பொய்யாகிவிடும்.

இங்கேதான் முதல் சிக்கல். அன்று ஆலையில் எவ்வளவு மருந்து இருந்தது என்பது வெடித்த பிறகு யாருக்கும் தெரியாது. மருந்து எரிந்துவிட்டது. இருப்புப் பதிவேட்டில் உரிமம் அனுமதித்த அளவுதான் எழுதியிருக்கும். தீபாவளி நெருக்கத்தில் ஓர் அறையில் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், மரத்தடியில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், கலந்த மருந்தை அன்றே செலுத்தி முடித்தார்களா, மறுநாளைக்கு மிச்சம் வைத்தார்களா என்பதெல்லாம் உயிர் பிழைத்த தொழிலாளிக்குத்தான் தெரியும். அவரிடம் யாரும் தூரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

ஒரே வெடிக்குப் பல வட்டங்கள்

சரி, மருந்தின் எடை துல்லியமாகத் தெரிந்தால் எல்லையைச் சொல்லிவிடலாமா? அப்போதும் முடியாது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் இயல்பான அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். வெடி அலை வரும்போது அதில் 1 கூடினாலே ஜன்னல் கண்ணாடி உடையத் தொடங்கும். 7 கூடினால் சாதாரண வீட்டின் சுவரும் கூரையும் சேதமாகும். 35 கூடினால் செவிப்பறை கிழியும். 100 அளவுக்குக் கூடினால் நுரையீரல் சிதையும். இவை தோராயமான அளவுகள்தாம். ஆனாலும் ஒரே வெடிக்குக் கண்ணாடியின் வட்டம், சுவரின் வட்டம், காதின் வட்டம், உயிரின் வட்டம் எனக் குறைந்தது நான்கு வட்டங்கள் இருப்பது இதிலிருந்தே புரியும். பறந்து விழும் கல்லும் இரும்பும் இந்த வட்டங்களுக்குள் அடங்காது. அவை எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சத்தத்தின் கதை இன்னும் விசித்திரம். விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து மறுபடி தரைக்கே வரும். அதனால் பக்கத்து ஊரில் லேசாகக் கேட்ட சத்தம் தூரத்து ஊரில் பலமாகக் கேட்பதும் உண்டு. ஆகவே ‘இத்தனை கிலோ மீட்டர் தூரம் கேட்டது’ என்ற செய்தி வரி அன்றைய காற்றைப் பற்றியும் சொல்கிறது. அதை வைத்து வெடியின் வலுவை முடிவு செய்ய முடியாது.

மருந்தின் தன்மையும் ஒன்றல்ல. திரிக்குப் போடும் கருமருந்து வேகமாக எரியும். அலுமினியப் பொடி கலந்த வெடிமருந்து அதைவிட மூர்க்கமானது. திறந்தவெளியில் சிதறிக் கிடந்தால் எரிந்து அடங்கக்கூடிய மருந்து, மூடிய அறையில் குவிந்து கிடந்தால் சுவரைத் தூக்கி எறியும். ஓர் அறையில் பிடித்த தீ பக்கத்து அறைக்குத் தாவினால் ஒரு வெடி பல வெடிகளாகிவிடும். அப்போது எந்த வெடியின் நடுவிலிருந்து அளப்பது?

உதவிக்கு ஓடியவர்கள்

2012 செப்டம்பர் 5-ஆம் தேதியை இந்த மாவட்டம் மறக்காது. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. தொழிலாளர்கள் பலர் வெளியே ஓடித் தப்பினார்கள். பக்கத்து ஊர்களில் இருந்தவர்கள் புகையைப் பார்த்துவிட்டு, உள்ளே சிக்கியவர்களைத் தூக்கிவர எதிர்த்திசையில் ஓடி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. பிறகு இருப்பு வைத்திருந்த சரக்கு மொத்தமாக வெடித்தது. 40 பேரை ஒட்டி இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் ஒருநாளும் வேலை பார்க்காதவர்கள்.

பாதுகாப்புத் தூரத்தைக் கணக்கிடும் அட்டவணை, மனிதர்கள் தத்தம் வீட்டில் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறது. தன் மனைவியோ மகளோ உள்ளே இருக்கும்போது 300 மீட்டருக்கு அப்பால் எந்த மனிதர் நின்றுகொண்டிருப்பார்? கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள் கூப்பிட்ட குரலுக்கு ஓடினார்கள். வெடியின் வட்டம் அவர்களை எட்டவில்லை, அவர்களே அதற்குள் வந்தார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்கு முன் பக்கத்து ஊர்க்காரர்தான் முதல் ஆள் என்றால், இரண்டாவது வெடி எப்போதும் வரக்கூடும் என்ற எச்சரிக்கையை அந்த ஊர்களுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆலைக்குள் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி வேலிக்கு வெளியே இருக்கும் தெருவுக்கும் வர வேண்டும்.

விரிசலின் வயது

2024 மே 1-ஆம் தேதி காரியாபட்டி பகுதியில் ஒரு கல்குவாரியின் வெடிபொருள் கிடங்கு வெடித்தது. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் வீடுகள் விரிசல் விட்டன. இப்படி ஒவ்வொரு முறையும் வருவாய்த்துறையினர் வீடு பார்க்க வருவார்கள். அப்போது எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்த விரிசல் இப்போது வந்ததா, பழையதா?

நம் காலனி வீடுகளில் பெரும்பாலானவை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். மழைக்காலத்தில் ஒழுகும், கூரையில் கம்பி தெரியும். அந்த வீட்டில் ஏற்கெனவே விரிசல் இருக்கும் என்பது உண்மைதான். பலமான வீடு தாங்கிக்கொண்ட அதே அதிர்வு, பலவீனமான வீட்டைக் குடியிருக்க முடியாமல் ஆக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் ஆய்வில் முதல் உண்மை இரண்டாவதை அடித்துவிடுகிறது. கண்ணாடி போட்ட ஜன்னல் உடைந்தால் சேதம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லாத வீட்டில் உடைந்ததைக் காட்ட எதுவும் இல்லை. அடுத்த கேள்வி, பட்டா இருக்கிறதா என்பது. புறம்போக்கில் குடியிருப்பவர் அந்தக் கேள்வியோடு பட்டியலை விட்டு வெளியேறிவிடுகிறார்.

வெடிபொருள் ஆலையைக் குடியிருப்பிலிருந்து தள்ளி, ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது சரியான விதி. சட்டம் அதில் சாதி பார்க்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் ஊருக்கு வெளியே ஏற்கெனவே ஒரு தெரு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம்மை வைத்திருந்த இடம் அதுதான். ஊரிலிருந்து தள்ளி என்று அளக்கும்போது அளவுகோலின் முதல் முனை ஊரில் இருந்தால், மறுமுனை பல இடங்களில் காலனியின் அருகே போய் முடிகிறது.

சதவீதத்துக்குள் வராத காது

வெடி உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. தீக்காயத்தைச் சதவீதத்தில் சொல்வார்கள். காயம்பட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடம்பின் தோல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். மருத்துவர்கள் அதை வைத்தும் கணக்கிடுவது உண்டு. சிகிச்சைக்கு இந்த அளவு மிகவும் தேவை. ஆனால் இழப்பீடும் இதே சதவீதத்தைப் பார்த்து நிர்ணயமாகும்போது கோளாறு தொடங்குகிறது.

செவிப்பறை கிழிந்தவருக்குத் தீக்காயம் 0 சதவீதமாக இருக்கலாம். இரண்டு கைகளும் வெந்து விரல்கள் ஒட்டிக்கொண்டால், சதவீதம் ஒற்றை இலக்கத்தில்தான் வரும். ஆனால் குழாய்க்குள் திரி செருகிப் பிழைத்த பெண்ணுக்கு அதோடு தொழிலே முடிந்துபோகிறது. பத்து நாள், இருபது நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தவர்கள் முதல்நாள் செய்தியின் எண்ணிக்கையில் இல்லை. குழந்தை பலகை தட்டும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடுகிறவர்களின் பாதிப்பு எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

2016 டிசம்பர் 1-ஆம் தேதி திருச்சி மாவட்டம் துறையூர் அருகே டி.முருங்கப்பட்டியில் வெடிபொருள் ஆலை வெடித்தபோது, உடல்கள் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிதறின. மரபணுச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. உடல் கிடைக்காமல் இறப்புச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றும், அது இல்லாமல் இழப்பீடும் கிடையாது. ஒரு நொடியில் முடிந்த வெடி, அந்தக் குடும்பங்களுக்குத் தாலுகா அலுவலக வாசலில் நெடுநாள் நீடித்தது.

வேலிக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம்

சட்டமும் ஒரு கோடு போடுகிறது. வேலைக்கு வந்த தொழிலாளிக்கு நெடுங்காலம் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அபாயகரமான பொருளால் பாதிக்கப்பட்ட வெளியாட்களுக்கு 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். தொழிலாளி என்று நிரூபிக்க வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். உரிமம் ஒருவர் பெயரில், ஆலை இன்னொருவர் கையில், அறைகள் மூன்றாம் ஆளுக்கு உள்குத்தகையில் என்று நடக்கும் இடத்தில் எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும்? சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி 20-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட ஆலையில் உள்குத்தகை நடந்தது விசாரணையில் வெளிவந்தது. வீட்டில் கருந்திரி உருட்டி அனுப்புகிறவர்கள் எந்த ஆலையின் தொழிலாளி என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

அச்சங்குளம் சம்பவத்துக்குப் பிறகு மாநில அரசு இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.3 லட்சமும், பிரதமர் நிதியிலிருந்து ரூ.2 லட்சமும் அறிவித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.20 லட்சம் என்றது. ஒரே சாவுக்கு எத்தனை அளவுகோல்! அபாயகரமான தொழில் நடத்துகிறவர், தன் மேல் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்ற முழுப்பொறுப்புக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1986-லேயே டெல்லி ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் வகுத்துவிட்டது. அந்தக் கோட்பாடு வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அதை நடைமுறையில் சுருக்குவது நம்மிடம் கேட்கப்படும் காகிதங்கள்தாம்.

போர்ட் சிகாகோ சொல்வது

இப்படிச் சுருக்குவது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 1944 ஜூலை 17 இரவு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போர்ட் சிகாகோ என்ற கடற்படைத் துறைமுகத்தில், வெடிகுண்டுகள் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் வெடித்து 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பினக் கடற்படையினர். குண்டு ஏற்றும் வேலையைக் கறுப்பினத்தவருக்கே ஒதுக்கியிருந்தார்கள், மேலதிகாரிகள் வெள்ளையர்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 5,000 டாலர் வரை தரலாம் என்று நாடாளுமன்றத்தில் முன்மொழிவு வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் மிசிசிப்பி மாநில உறுப்பினர் ஜான் ரேங்கின் அதை 2,000 ஆகக் குறைக்கச் சொன்னார். கடைசியில் 3,000 என்று முடிந்தது.

அதே வேலைக்கு மறுபடி போகச் சொன்னபோது மறுத்தவர்களில் 50 பேரைக் கலகக் குற்றத்தில் தண்டித்தார்கள். அந்தத் தண்டனைகளை அமெரிக்கக் கடற்படை ரத்து செய்தது 2024 ஜூலை 17 அன்று. சரியாக 80 ஆண்டுகள் கழித்து. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. அந்த வெடி 1944-லிருந்து 2024 வரை எட்டியது என்று சொன்னால் அது மிகையா?

நம்மிடம் அப்படி யாரும் அவையில் எழுந்து நின்று சாதியைச் சொல்லித் தொகையைக் குறைப்பதில்லை. அதற்கான தேவையும் இல்லை. பட்டாசு ஆலையில் எல்லாச் சாதி ஏழைகளும் வேலை செய்கிறார்கள். ஒரே அறையில் சாகவும் செய்கிறார்கள். வெடி சாதி பார்ப்பதில்லை என்று அப்போது சொல்வார்கள். வெடி பார்ப்பதில்லைதான். ஆனால் யாருக்கு நிலம் இருந்தது, யாருக்கு மருந்து அறையைத் தவிர வேறு வேலை இல்லை, யார் வீடு பட்டா இல்லாத மண்ணில் நின்றது, யாருக்காகப் பேச அலுவலகத்தில் ஒருவர் இருந்தார் என்பவை வெடிக்கு முன்பே முடிவாகிவிட்டவை.

கேட்க வேண்டியவை

வெடியின் எல்லையை மீட்டரில் துல்லியமாகச் சொல்வது கடினம் என்பதை ஏற்றுக்கொள்வோம். கடினம் என்பதால்தான், கோட்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும் என்கிறோம். சந்தேகத்தின் பலன் பாதிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும்.

ஒவ்வோர் ஆலையின் உரிமதாரர் பெயர், அனுமதித்த மருந்தின் எடை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்தால்தான் மீறல் தெரியும். விபத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்பை ஆலைக்கு அருகில் உள்ள காலனியிலிருந்து தொடங்க வேண்டும். விரிசலோடு செவித்திறனையும் சோதிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லாத தொழிலாளிக்கு உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தையே ஆதாரமாக ஏற்க வேண்டும். பாதிப்புப் பட்டியலை முதல் வாரத்தோடு மூடாமல், குறைந்தது ஆறு மாதம் திறந்து வைத்து, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். பட்டா இல்லை என்பது வீடு இடியவில்லை என்பதற்கான சான்று ஆகாது.

ஆலை மூடப்பட்ட நாட்களின் கூலியும் இந்தக் கணக்கில் வர வேண்டும். ஓர் ஆலை வெடித்தால் சோதனைக்குப் பயந்து பல ஆலைகள் சில வாரம் பூட்டிக்கொள்கின்றன. அப்போது முன்பணம் வாங்கியவர்களுக்கும் குழுக்கடன் வாங்கியவர்களுக்கும் தவணை நிற்பதில்லை. வெடிச்சத்தமே கேட்காத ஊரிலும் அந்த வாரம் அடுப்பு எரிவது சிரமம்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு இந்தக் கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வெடித்த பிறகு வட்டம் வரைய வருகிறவர்களிடம், எங்கள் தெரு எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது என்பதை நாங்கள் முன்பே எழுதி வைத்திருக்கிறோம் என்று காட்டுவதற்கு அந்தத் தாள் உதவும்.